எறிந்து பிடிக்க ஒரு துப்பாக்கி

ஷார்ஜா தொழிற்பேட்டையில் பம்பு ஷாஃப்டுகள் கடைந்து கொடுக்கும் ஒரு மெஷின் ஷாப்பில்தான் சில வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. கடை கீழக்கரைக்காரர் ஒருவருடையது. தமிழோ மலையாளமோ தெரிந்த எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். ஞாயிறு கடைக்கு விடுமுறை. அன்று ஷட்டரைப் பாதி தூக்கிவைத்து, சொந்த ஆசைக்கு ஏதாவது செய்துகொள்ள வரும் ஓரிருவருக்கு லேத்தையும் மில்லிங் மெஷினையும் விட்டுவிடுவார். அவருக்கும் அப்படியொரு ஆசை இருந்தது. உள்ளங்கை அளவில் ஒரு நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார்.

நான் கட்டிடங்களுக்குக் கண்ணாடி முகப்புகள் போடும் ஒரு அலுமினியக் கம்பெனியில் டிராயிங் போடுகிறேன். சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். கம்ப்யூட்டரில் ஆயிரம் பிராக்கெட் வரைந்திருக்கிறேன், ஒன்றைக்கூடக் கையால் செய்ததில்லை. எங்கள் கம்பெனிக்குக் காக்கா சில பாகங்கள் செய்து கொடுப்பார். ஒருமுறை டிராயிங்கில் சந்தேகம் கேட்க வந்தவரிடம், "இதை எப்படிக் கடையறீங்கன்னு நான் ஒரு நாள் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம வாங்க தங்கச்சி, பாக்குறது என்ன, நீங்களே கடையலாம்" என்றார். அப்படித் தொடங்கியது.

என் கணவருக்கு முதலில் பிடிக்கவில்லை. தப்பான சந்தேகம் எதுவும் இல்லை. அந்த ஏரியாவில் பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள், அதுதான் அவருக்கு யோசனை. அது உண்மைதான். லாரிகள், டயர் கடைகள், பழைய உதிரிபாகக் கடைகள், தொழிலாளர் கேம்ப்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் முதல் நாள் ஒரு பித்தளைத் துண்டை லேத்தின் சக்கில் மாட்டி, டூல் பட்டதும் பொன்னிறத் தூள் கையில் சுடச்சுடத் தெறித்தபோது, அடுத்த வாரமும் வருவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களோடு இன்னொருவர், நாகர்கோவில்காரத் தம்பி. ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வானத்தைப் பார்க்கும் பைத்தியம். பாலைவனத்துக்குக் கொண்டுபோக ஒரு தொலைநோக்கிக்குத் தாங்கி செய்துகொண்டிருந்தார். செய்வார், பிரிப்பார், மறுபடி செய்வார்.

அர்பாப் எங்களுக்குள் கடைசியாக வந்தவர். முதலாளி என்ற அர்த்தத்தில் காக்கா அவரைக் கூப்பிடும் பெயர் அது. இந்த நாட்டுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு காக்காவின் கடை லைசென்ஸுக்கு அவர்தான் கஃபீல், சட்டப்படி வைத்துக்கொள்ளவேண்டிய உள்ளூர் ஸ்பான்சர். சட்டம் மாறி, கஃபீல் தேவையில்லை என்று ஆன பிறகும் கடைக்கு வந்து டீ குடிப்பதை அவர் நிறுத்தவில்லை. எங்களோடு இந்தியில்தான் பேசுவார், எங்கள் இந்தியைவிட அவருடையது நன்றாக இருக்கும். என்னை "முஹந்திஸா" என்பார். அரபியில் பெண் எஞ்சினியர் என்று அர்த்தம். நான் எஞ்சினியர் இல்லை, டிப்ளமோதான் என்று பலமுறை சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நடுவில் சில மாதங்கள் அவர் வரவில்லை. பக்கவாதம் என்று காக்கா சொன்னார். திரும்பி வந்தபோது நன்றாகத்தான் நடந்தார். வலது கை மட்டும் பழையபடி இல்லை. டீ கிளாஸை இடது கையில் வாங்கினார். அன்று காரிலிருந்து ஒரு போர்வையில் சுற்றிய நீளமான பொருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பிரித்தார். துப்பாக்கி.

காக்கா எழுந்து ஷட்டரை முழுதாகக் கீழே இறக்கிவிட்டார்.

"அர்பாப், இது என்ன வேலை?" என்று இந்தியில் கேட்டார்.

"பயப்படாதே. யோலா துப்பாக்கி. சுடாது" என்று அவர் சிரித்தார்.

கல்யாணங்களில் இங்கத்து ஆண்கள் ஆடும் ஆட்டம் யோலா. துப்பாக்கியை விரல்களில் சுழற்றி, வானத்தில் எறிந்து, சுழன்று இறங்கும்போது பிடிப்பார்கள். ஒரு காலத்தில் நிஜத் துப்பாக்கி. இப்போது கடையில் விற்கும் பொம்மைதான், மரக்கட்டையும் இரும்புக் குழலுமாக. அவருடையது பழசு, கீழே விழுந்து குழல் வளைந்திருந்தது. மகனுக்குக் குளிர்காலத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மகன் கல்யாணத்தில் தகப்பன் எறியாமல் இருக்க முடியாது என்றார். ஆனால் இனி இடது கையால்தான் எறியவேண்டும், வலது கை துணைக்குத் தாங்குவதற்கு மட்டும். இந்த இரும்புக் கனம் அதற்குச் சரிப்படாது.

"கடையில் கனமில்லாத பொம்மை கிடைக்குமே" என்றார் தம்பி.

"கிடைக்கும். பிளாஸ்டிக். சின்னப் பிள்ளைகளுக்கு" என்று அர்பாப் சொன்ன விதத்தில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இந்த ஊருக்கு வந்து தல நரச்சாச்சு. ஒரு கம்ப்ளெய்ண்ட் கெடையாது. துப்பாக்கிங்குற வார்த்தையே இந்தக் கடைக்குள்ள வேணாம்" என்று எங்களிடம் தமிழில் சொன்னார். அர்பாப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காக்கா கையை ஆட்டிப் பேசிய விதத்திலேயே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வாதாடவில்லை. டீயைக் குடித்துவிட்டு, ஒற்றைக் கையால் போர்வையைச் சுற்றத் தொடங்கினார். அது சுற்ற வரவில்லை, ஒரு பக்கம் சுற்றினால் மறுபக்கம் அவிழ்ந்தது. தம்பி உதவப் போனபோது "மாஃபி, மாஃபி" என்று, வேண்டாம் என்பதுபோல் விலக்கினார். நாங்கள் மூவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

காக்கா போய் போர்வையின் மேல் கை வைத்தார். "கொழாயில ஓட்டையே தெரியக் கூடாது. ரெண்டு பக்கமும் அடச்சுரணும். விசை அசையக் கூடாது. அப்படின்னா செய்யலாம்னு சொல்லுங்க தங்கச்சி" என்றார். இந்தி அவருக்கும் தெரியும். ஆனாலும் அதை என் வாயால்தான் சொல்ல வைத்தார்.

பழைய மரக்கட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, இரும்புக் குழலுக்குப் பதில் அலுமினியக் குழல் போடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் கம்பெனியில் மிஞ்சும் துண்டுகளில் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அளவெடுத்து வரைந்தேன். என் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானே கடைவது அதுதான் முதல் தடவை. குழலின் வெளிப்பக்கம் ஒரு சீராக மெலிந்து போகவேண்டும், நடுவில் கைபிடிக்கும் இடத்தில் வளையம். முதல் குழலை டூல் அதிகமாகக் கடித்துப் பாழாக்கினேன். இரண்டாவது வந்தது. குழலின் இரு முனைகளிலும் மெல்லிய அலுமினிய வில்லைகளை அடித்து இறக்கி அடைத்தோம். கட்டையில் பொருத்தி எடைபோட்டால் பழையதில் பாதிகூட இல்லை. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

கடைக்குள் கூரை தாழ்வு என்பதால் பின்னால் இருந்த காலி மணல் மனைக்குப் போய் எறிந்து பார்த்தார் அர்பாப். துப்பாக்கி விசிறி மாதிரி சரசரவென்று சுழன்று கீழே விழுந்தது. மறுபடி எறிந்தார். கைக்கு வருவதற்குள் எத்தனை சுற்று சுற்றியது என்றே தெரியவில்லை, விரலில் பட்டுத் தெறித்தது. அவர் கோபப்படவில்லை. "இது பறவை. எனக்குத் துப்பாக்கி வேண்டும்" என்றார்.

கனத்தைக் குறைத்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். எப்படிச் சுழலும் என்று யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் முழுவதும் ஆபீசில் டிராயிங் போட்டுக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழி தம்பியிடமிருந்து வந்தது. அவர் தொலைநோக்கித் தாங்கியின் எதிர்ப்பக்கத்தில் கனத்துக்கு ஒரு உருண்டை மாட்டுவார். அதைத் தண்டின் நுனிக்குத் தள்ளினால் தாங்கி மெதுவாகத் திரும்பும், உள்ளே தள்ளினால் வெடுக்கென்று திரும்பும். அதை எங்களுக்கு ஆட்டிக் காட்டினார்.

"கனம் அங்ஙன நுனியில கெடக்கணும் அக்கா. அப்பம்தான் மெதுவா சுத்தும். அவியளுக்குப் பிடிக்க நேரம் கெடைக்கும் பாத்துக்கிடுங்க."

அலுமினிய வில்லைக்குப் பதில் குழலின் வாயில் ஒரு பித்தளைக் கட்டை, மரக்கட்டையின் அடியில் இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, நடு வளையத்தில் விரலை வைத்துத் தூக்கினால் துப்பாக்கி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை சரிசெய்தோம். காக்கா தன் நீராவி எஞ்சினை மறந்துவிட்டு எங்கள் பக்கமே நின்றார். பித்தளையை உள்ளே இறக்கி, உள்ளிருந்து வரவே முடியாதபடி குறுக்கே ஆணி அடித்ததும் அவர்தான்.

எறிந்து பார்க்க மறுபடி மணல் மனைக்குப் போனோம். வெயில் நன்றாக இறங்கிய மாலை. முதல் எறியிலேயே வித்தியாசம் தெரிந்தது. துப்பாக்கி மேலே போய், நிதானமாக ஒரு சுற்று சுற்றி, அவர் நீட்டிய இடது கைக்குள் வந்து அமர்ந்தது. "யல்லா!" என்று கத்தினார். தம்பி கை தட்டினார். அடுத்ததை இன்னும் உயரமாக எறிந்தார். சாலையில் போன ஒரு டிரெய்லர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் மனையின் இரண்டு பக்கமும் போலீஸ் வண்டிகள் வந்து நின்றன.

இறங்கியவர்கள் கத்தவில்லை. கையை அசைத்து, கீழே வைக்கச் சொன்னார்கள். அர்பாப் துப்பாக்கியை மணலில் வைத்துவிட்டு விலகி நின்றார். ஒருவர் அவரோடு அரபியில் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. விசா, வேலை, பள்ளிக்கூடம் போகும் மகள் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. இன்னொரு அதிகாரி ஆங்கிலத்தில், இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"என்னுடைய கடை" என்றார் காக்கா உடனே.

நான் சும்மா இருந்திருக்கலாம். காக்கா என்னைப் பார்க்காமல் நின்ற விதத்திலேயே, பேசாதே என்கிறார் என்று புரிந்தது. ஆனால் அந்தக் குழலில் நான் கடையாத இடம் ஒன்றுகூட இல்லை. "வரைந்ததும் கடைந்ததும் நான்" என்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்து வாயைப் பார்த்தார். நகத்தால் பித்தளையைத் தட்டினார். விசையை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இருந்தாலும் ஸ்டேஷனில் வைத்துச் சோதிக்காமல் விட முடியாது என்றார். துப்பாக்கியையும் அர்பாப்பையும் காக்காவையும் ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் இருவரின் ஐடி கார்டையும் படமெடுத்துக்கொண்டு, போன் செய்தால் எடுக்கவேண்டும் என்றார்கள்.

தம்பியும் நானும் கடைக்குள் வந்து உட்கார்ந்தோம். காக்கா ஓடவிட்டுப் போன பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க எதுக்கு அக்கா வாயத் தொறந்தீங்க?"

"காக்கா தலையில மட்டும் போட்டுட்டு எப்படிங்க தம்பி நிக்கறது?"

"அவிய தகப்பனாருக்க ஸ்தானத்துல நின்னாவ. அது அவியளுக்கக் கடம. நீங்க பிள்ளக்காரி."

எனக்குக் கோபம் வந்தது. கணவருக்குப் போன் செய்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, அது நல்லா சுத்துச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் வரட்டுமா?" என்றார். வந்தார், டீயும் பரோட்டாவும் வாங்கிக்கொண்டு. மூவரும் சாப்பிட்டோம்.

இருட்டியதும் காக்காவும் அர்பாப்பும் ஒரு டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். துப்பாக்கி வரவில்லை. அதைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்தினார்களாம், உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம். காக்கா அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. உள்ளே வந்ததும் மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

"இனிமே ஞாயித்துக்கெழம கெடையாது" என்றார். "யார் மேலயும் வருத்தம் இல்ல. எனக்கு நெஞ்சு தாங்காது. கலாஸ், முடிஞ்சிருச்சு."

அர்பாப் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். காக்கா அவர் தோளைத் தட்டி, போய்ப் படுக்கச் சொன்னார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்தேன். துணி மடித்தேன், மகளோடு மாலுக்குப் போனேன். கைக்கு ஏதோ வேலை குறைந்துவிட்ட மாதிரியே இருந்தது. தம்பி மட்டும் அவ்வப்போது போனில் செய்தி அனுப்புவார். துப்பாக்கி திரும்பக் கிடைத்துவிட்டது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஆயுதம் இல்லை என்று, சில நிபந்தனைகளோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வெளியே கொண்டுபோனால் உறைக்குள் இருக்கவேண்டும், வாய் அடைத்திருப்பது பார்த்தவுடன் தெரியவேண்டும், சாலையோரத்தில் எறியக் கூடாது. பித்தளையை இன்னும் நன்றாகப் பாலிஷ் போட்டால் தூரத்திலிருந்தே மின்னும் என்று அர்பாப்பே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாராம்.

கல்யாணத்துக்கு எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. அங்கே ஆண்களுக்குத் தனிப் பந்தல், பெண்களுக்குத் தனி மண்டபம். யோலா ஆடுவது ஆண்கள் பக்கம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண்கள் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாசலிலேயே அர்பாப்பின் மகள் காத்திருந்தாள். ஆங்கிலத்தில், "நீங்கள்தானே முஹந்திஸா? என்னோடு வாருங்கள்" என்றாள். ஆண்கள் பந்தலுக்கு எதிரே, மணலில் நிறுத்தியிருந்த பெரிய காரின் பின்சீட்டில் என்னை ஏற்றினாள். கறுப்புக் கண்ணாடி. உள்ளே அவளும் அவள் சித்தியும் நானும். எதிரே ஆண்கள் வெள்ளைக் கந்தூரா அங்கியில் இரண்டு வரிசையாகக் கம்புகளோடு அசைந்துகொண்டிருந்தார்கள், மேளம் அடித்தது, நடுவில் இளைஞர்கள் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தல் ஓரத்தில் காக்காவையும் தம்பியையும் என் கணவரையும் பார்த்தேன். காக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது தன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி நின்றார்.

"அப்பா விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்" என்றாள் மகள்.

"துப்பாக்கி வேண்டுமானால் விழும். அவர் விழ மாட்டார்" என்றேன். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயம் ஒன்றும் இல்லை.

அர்பாப் நடுவில் வந்தார். கொஞ்ச நேரம் கையிலேயே சுழற்றினார். வலது கை கீழே தாங்க, இடது கை சுழற்றியது. பிறகு எறிந்தார். தாழ்வாகத்தான். பிடித்தார். மறுபடி, கொஞ்சம் உயரமாக. பிடித்தார். மூன்றாவது, பந்தல் விளக்குக்கு மேலே போனது. நுனிப் பித்தளை ஒரு தடவை மின்னியது. சுழன்று வந்தது, அவர் விரலில் பட்டு மணலில் விழுந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேளம் நிற்கவில்லை. ஒரு இளைஞன் எடுத்துக் கொடுக்க ஓடினான். அவர் அவனைத் தடுத்து, தானே குனிந்து எடுத்தார். அவர் குனிய எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. எடுத்து, மணலைத் துடைத்து, அதே உயரத்துக்கு எறிந்தார். பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். மணமகன் உள்ளே வந்து தகப்பனின் மூக்கோடு மூக்கு உரசி முத்தமிட்டான். பக்கத்தில் சித்தி அழுதாள். காக்கா கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டு, தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

பிறகு அர்பாப் காருக்கு வந்தார். மகள் கண்ணாடியை இறக்கினாள். வேர்த்திருந்தார், மூச்சு வாங்கியது. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"முஹந்திஸா, பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும்" என்றார். "மூன்றாவது எறியில் தலை முந்திக்கொண்டது."

இதை நான் காக்காவிடம் சொன்னபோது அவர் என்னை முறைத்தார். அர்பாப் எங்கள் நால்வருக்கும் தனியாக ஏற்பாடு செய்திருந்த சின்னக் கூடாரத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம், ஒரு முழு ஆடு நடுவில். "பின்பக்கம் பித்தளைய மாத்தணும்னா கட்டயக் கழட்டணும்" என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். "வேல நாள்ல முடியாது. ஆளு இருக்கும்."

"அப்பம் என்னைக்கு?" என்று தம்பி கேட்டார்.

காக்கா கறியைப் பிய்த்து என் கணவரின் தட்டில் வைத்தார். ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது.

இப்போது அர்பாப்பும் வாராவாரம் வருகிறார், வேடிக்கை பார்க்க அல்ல. காப்பிக்கொட்டை இடிக்கும் பித்தளை உரல் ஒன்றைத் தானே கடைய வேண்டும் என்று பிடிவாதம். லேத்தின் கைப்பிடிகள் எல்லாம் வலது கைக்காரர்களுக்கு என்றே இருப்பதைக் கண்டு அதைச் செய்தவனை அரபியில் திட்டுகிறார். காக்கா அவருக்காக ஒரு சக்கரத்தில் நீளமான பிடி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். உரலின் வாய் கோணலாக வந்திருக்கிறது. மறுபடி கடையலாம் என்று நாங்கள் சொன்னோம். வேண்டாம், காப்பிக்கு அது தெரியாது என்றார்.